பெட்டிக்குள் இருப்பதை வெளியே சொல்ல வேண்டாம்

கோவில்பட்டி,
ஆயுத பூஜைக்கு மறுநாள்.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சதீஷ்குமார் அவர்களுக்கு, மாமனார் செல்லத்துரை எழுதுவது. இங்கே மழை இல்லை. கரிசல் வெடித்துக் கிடக்கிறது. என் சர்க்கரையும் உங்கள் அத்தையின் ரத்தக்கொதிப்பும் மட்டும் குறைவில்லாமல் இருக்கின்றன. பெங்களூரில் நீங்களும் பிள்ளைத்தாய்ச்சிப் பொன்மணியும் சுகமாக இருக்க செண்பகவல்லி அம்மன் துணை.

இதைப் போனில் சொல்லாமல் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. நம் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. போன் பேச்சும் அந்தப் பெட்டி வழியாகத்தான் போக வேண்டும். விஷயமே அந்தப் பெட்டியைப் பற்றியது.

போன பொங்கலுக்கு உங்கள் கம்பெனி தயாரித்த இன்டர்நெட் பெட்டியை, அதுதான் அந்த ரௌட்டரை, வீட்டில் மாட்டிவிட்டுப் போனீர்கள் அல்லவா? அதற்குள் ஓடுகிற ஒவ்வொரு எழுத்தும் என் மாப்பிள்ளை எழுதியது என்று பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். என் பேச்சை நம்பி வியாபாரிகள் சங்கத்திலும் ஒன்று வாங்கி மாட்டினார்கள். போன வாரம் வீட்டுப் பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. கேபிள் வேலை பார்க்கிற சோலைராஜ் வந்து, தன் கம்ப்யூட்டரோடு அதைக் கோத்து எழுப்பிவிட்டு, டீயை உறிஞ்சிக்கொண்டே என் தலையில் கல்லைப் போட்டான்.

"அண்ணாச்சி, உள்ள ஓடுறது லினக்ஸ்லா. உலகத்துல எங்கெங்கயோ உள்ளவிய சம்பளமில்லாம எழுதிப் பொதுவுல வச்சது. யாரு வேணும்னாலும் சும்மா எடுத்துக்கிடலாம். கம்பெனிக்காரவிய மேல அவிய பேரை ஒட்டியிருக்காவ."

மாப்பிள்ளை, இதில் நான் கோபப்பட என்ன இருக்கிறது? லேபிள் சமாசாரம் எனக்குத் தெரியாததா? ஒரே குச்சி, ஒரே மருந்து. அதைத்தானே நம் தீப்பெட்டி ஆபீசில் ஏணி, புறா, வெள்ளரிக்காய் என்று மூன்று லேபிளில் அடைக்கிறோம். ஏணிக் குச்சிதான் காற்றில் அணையாது என்று எட்டயபுரத்துக்காரர்கள் சத்தியம் செய்கிறார்கள். எப்போதும்வென்றான் ஊரில் புறா இல்லாமல் அடுப்பு மூட்ட மாட்டார்கள். எனக்கு வந்தது கோபமில்லை, பயம். சும்மா கிடைக்கிற சரக்குக்கு உங்களுக்கு எதற்குச் சம்பளம் என்று உங்கள் முதலாளி ஒரு நாள் யோசித்துவிட்டால், என் மகள் வயிற்றுப் பிள்ளையோடு எங்கே போவாள்? அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே விஷயத்தை அமுக்கிவிட முடிவு செய்து, சோலைராஜுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்து, யாரிடமும் மூச்சுவிடாதே என்றேன். அதுவரை சாதாரணமாக இருந்தவனுக்கு அப்போதுதான் இது ஏதோ பெரிய ரகசியம் என்று பட்டிருக்கிறது. மிட்டாயைத் தின்றுகொண்டே சங்கத்துக்குப் போய், அங்கிருக்கிற பெட்டியையும் திறந்து பார்க்கட்டுமா என்று கேட்டிருக்கிறான். நான் ஓடினேன். நேற்று ஆயுத பூஜை என்பது நல்லதாகப் போயிற்று. பூஜை போட்ட சாமானை அன்றைக்கு யாரும் தொடக் கூடாது என்று சொல்லி, திருகாணி தெரியாதபடி பெட்டி முழுக்கச் சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, மாலையும் போட்டேன். அதற்குக் காற்றுத் துவாரம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பொரிகடலை கொடுத்து முடிவதற்குள் பெட்டி சூடேறி, சந்தனம் கருகி, மாலையோடே உயிரை விட்டது. இன்று காலை சங்கத்தில் ஒரு பில்கூடப் போட முடியவில்லை. தலைவர் காசிராஜன் வேறு கம்பெனிப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். சோலைராஜ் அதையும் கோத்துப் பார்த்தான். அதற்குள்ளும் அதே லினக்ஸ். எல்லார் பெட்டியிலும் ஒரே குச்சி என்றால் உங்கள் கம்பெனி எத்தனை நாள் தாங்கும்?

ஆகையால் மாப்பிள்ளை, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். வேலையை இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள், வளைகாப்பு வரையாவது.

உங்களுக்கும் பொன்மணிக்கும் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அம்மன் ஒரு குறையும் வைக்க மாட்டாள் என்று நம்பப் பார்க்கிற,
செல்லத்துரை.

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் பொன்மணி போன் செய்தாள். சாயங்காலமானால் நீங்கள் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தது அந்தப் பொதுச் சரக்கைத்தானாம். சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களில் நீங்களும் ஒருவராம். சும்மா எடுத்துக்கொள்ளலாம், ஆனால் உள்ளே இருப்பதைக் கேட்கிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதுதான் எழுதினவர்கள் போட்ட நிபந்தனையாம். கம்பெனி அதை மறைக்கிறது என்று நீங்களே ஊரறியச் சொல்லிவிட்டு, வேலையையும் விட்டுவிட்டீர்களாம்.

"அவியளுக்கு மனசு கேக்கலப்பா. எனக்கும்தான். நாளைக்கு ரயில்ல ரெண்டு பேரும் வாரோம்" என்றாள். அவள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

மாடி அறையைக் கழுவிவிடச் சொல்லியிருக்கிறேன். தீப்பெட்டி ஆபீசில் உங்களுக்கு ஒரு நாற்காலியும் போட்டாயிற்று. ஸ்டேஷனுக்கு நானே வந்து இந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன். ஆட்டோவில் ஏறும் முன் படித்துவிடுங்கள், மாப்பிள்ளை. அந்த ஏணி, புறா, வெள்ளரிக்காய் விஷயத்தை மட்டும் தயவுசெய்து யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.