ஸ்பிரிங்கு அண்ணன் காரின் பின்சீட்டு

ஓசூர் வட்டாரத்தில் கடவுளை நம்பாதவர்கள் இருக்கிறார்கள். கட்சிக்காரர்களை நம்பாதவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ரோட்டை நம்பாமல் வாழ்ந்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்பிரிங்கு அண்ணன்தான். குண்டும் குழியுமான ரோட்டையாவது கொஞ்சம் மதிப்பார். புதிதாகத் தார் போட்டு வழவழவென்று கிடந்தால் அவருக்குச் சந்தேகம் முற்றிவிடும். "இது நடிக்குதுப்பா" என்று சொல்லி காரை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடுவார். பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்காரர் ஹாரனை அழுத்தியபடி காரில் உள்ள அத்தனை பேருடைய பரம்பரையையும் விசாரித்துக்கொண்டே தாண்டிப் போவார்.

"ஓசூர் ஊட்டி மாதிரி இருக்கும், போய்ப் பாரு" என்று என்னைத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இங்கே அனுப்பிவைத்த நண்பனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். குளிர் இருக்கிறது, உண்மைதான். கூடவே ஓயாத தூறல், லாரிப் புகை, மத்திகிரியில் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு வாடகை வீடு. சூளகிரிப் பக்கம் புதிதாக வந்த தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு டெஸ்பாட்ச் வேலை. ஸ்பிரிங்கு அண்ணன் அங்கே ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். செய்து முடித்த பொருளைப் பார்த்து, வெளியே போகலாமா கூடாதா என்று சொல்கிற இடம். அவர் பெரும்பாலும் கூடாது என்றுதான் சொல்வார்.

பாலக்கோட்டுக்காரரான அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய கை. நின்றுகொண்டிருக்கிற எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் ஒரு மூலையை இரண்டு கையாலும் அழுத்திவிடுவார். கார் ஒரு தடவை எழும்பி அடங்கினால் தலையாட்டுவார். ஆடிக்கொண்டே இருந்தால், "ஷாக்கு போயிடுச்சு" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் சொல்வார். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது பூ அலங்காரத்தோடு நின்ற மாப்பிள்ளைக் காரை அழுத்திவிட்டு, "போயிடுச்சுங்க" என்றார். நல்ல நேரத்தில் என்ன போயிடுச்சு என்கிறான் இவன் என்று மாப்பிள்ளையின் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். சாப்பிடாமலே நாங்கள் பஸ் ஸ்டாண்டு வரை ஓட வேண்டியதாயிற்று.

நாங்கள் என்றால் மூன்று பேர். ஒருவன் நான். இன்னொருவர் மெயின்டனன்ஸ் நஞ்சப்பா, மண்ணின் மைந்தர். பள்ளத்தில் விழுந்தால் கன்னடத்தில் அலறுவார், எழுந்தால் தெலுங்கில் திட்டுவார், மற்றபடி தமிழ். மூன்றாவது ஆள் ஸ்டோர்ஸ் முருகேசன், தேனிக்காரன். மூவருக்கும் உள்ள ஒரே ஒற்றுமை உடம்பு. நாங்கள் ஒன்றாக நடந்து வந்தால் கேண்டீன்காரர் இன்னொரு தட்டு இட்லி வைக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பார்.

எங்களைத் தினமும் காரில் வேலைக்கு அழைத்துப் போகிறேன் என்று ஸ்பிரிங்கு அண்ணன் தானாக வந்து சொன்னபோது, பெட்ரோல் காசில் பங்கு கேட்பார் என்று நினைத்தோம். கேட்கவே இல்லை. அவருடைய நிபந்தனை வேறு. மூன்று பேரும் பின்சீட்டில்தான் உட்கார வேண்டும். முன்சீட்டைப் பின்னால் சாய்த்து, அதில் ஒரு தலையணையைப் போட்டு, பெல்ட்டும் மாட்டி வைத்திருப்பார். சாய்ந்த சீட்டு என் முழங்காலில் இடிக்க, முருகேசனின் முழங்கை என் விலாவில் இருக்க, ஒவ்வொரு நாளும் வாழைத்தார் லாரியில் வருவது மாதிரி வந்து இறங்குவோம். இறங்கியதும் எங்களை வரிசையாக நிறுத்திவைத்து ஒரு விசாரணை.

"எங்க வலிச்சுது? மறைக்காம சொல்லு."

"இடுப்புல, அண்ணே" என்பான் முருகேசன்.

"எந்தப் பள்ளத்துல?"

பள்ளங்களுக்கு அவர் பாத்திரக் கணக்கு வைத்திருந்தார். சிறியது கிண்ணம், அடுத்தது குண்டா, ஆளை விழுங்குவது அண்டா. "சர்வீஸ் ரோடு அண்டாவுல அண்ணே, கீழ இடிச்சிருச்சு" என்று முருகேசன் சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். "எனக்கு நெஞ்சுல வலி அண்ணா, போனஸ் வர்ல இல்ல" என்பார் நஞ்சப்பா. அண்ணன் சிரிக்க மாட்டார்.

அவர் ஏன் சிரிக்கவில்லை என்பது முதல் மாதத்திலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவர் மனைவி மல்லிகா அக்காவுக்குப் புற்றுநோய், முதுகெலும்புவரை இறங்கியிருந்தது. மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பெங்களூருக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டு வர வேண்டும். ஊசிகூடப் பரவாயில்லை, கர்நாடக எல்லையான அத்திப்பள்ளி தாண்டிப் போய் வருகிற ரோடுதான் கொல்கிறது என்று அக்கா அழுவாராம். வாடகைக் காரில் ஒரு தடவை போய், டிரைவர் ஒரு வேகத்தடையைப் பறந்து தாண்டியதில் அக்கா மயங்கிவிட்டார். அதற்குப் பிறகுதான் அண்ணன் இருந்த சேமிப்பைப் போட்டு இந்தப் பழைய காரை வாங்கினார். சாய்த்துவைத்த முன்சீட்டு அக்காவுடையது. வழியில் ஒரு பள்ளம்கூட அக்காவின் முதுகைத் தொடாமல் கொண்டுபோய் வர வேண்டும். அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு வேலையே இல்லை.

முதலில் சக்கரத்தில் கை வைத்தார். கார் வாங்கும்போதே பளபளவென்று அலாய் வீல் இருந்தது. டயர் ஒல்லியாக, ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மத்திகிரிப் பட்டறையில் போய், அதைக் கழற்றிவிட்டுச் சின்ன இரும்பு ரிம் போட்டு, உயரமான டயர் மாட்டச் சொன்னார். பட்டறைக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"அண்ணா, எல்லாரும் பெருசா கேக்குறாங்க, நீங்க என்னா சின்னது கேக்குறீங்க? வண்டி பாக்க டாக்ஸி மாதிரி ஆயிடும்."

"ரப்பர் எவ்ளோ ஒசரமோ அவ்ளோ அடி வாங்கும்பா. அலாய் அழகா இருக்குது, அண்டாவுல எறங்குனா விரிசல் உட்டுடும். இரும்புன்னா வளையும், தட்டி நிமித்திக்கலாம். அழகை வெச்சு நான் என்னா பண்ணட்டும்?"

பட்டறைக்காரர் ஜாக்கியை எடுத்து வந்தார். சொன்னபடியே அந்தச் சக்கரம் கிண்ணம், குண்டா எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. அக்காவே நல்லாயிருக்குது என்றாராம். அன்றைக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் எல்லாப் பொருளும் பாஸாகிவிட, என்ன ஆபத்தோ என்று மேனேஜர் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். மிச்சமிருந்தது அண்டா. எங்கள் மூன்று பேரின் பாரத்தில் காரின் பின்பக்கம் தாழ்ந்து, அண்டாவில் இறங்கும்போதெல்லாம் கீழே இடித்தது. நாங்களும் தினமும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இடிக்கிறது, இடிக்கிறது என்று ஒப்பித்தோம். அண்ணன் பழைய ஸ்பிரிங்கையெல்லாம் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, பாரம் தாங்குகிற கெட்டியான ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சார்பரும் மாட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் அண்டாவில் இறங்கி ஏறினோம். ஊஞ்சலில் ஆட்டிவிட்ட மாதிரி இருந்தது. நஞ்சப்பா எந்த மொழியிலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, "ஓகே" என்றார் அண்ணன்.

அந்தச் சனிக்கிழமை அக்காவை உட்காரவைத்துக்கொண்டு பெங்களூர் போனார். திங்கட்கிழமை எங்களை அழைக்க அவர் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தோம். வாசலில் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

"இனிமே நான் வர்ல. வியாதியை வேணா தாங்கிக்கிறேன், இந்தக் காரை என்னால தாங்க முடியாது. சொல்லிடுங்க அவருகிட்ட" என்றார் அக்கா எங்களிடம்.

அண்ணன் எழுந்து காலிக் காரின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அழுத்திக் காட்டினார். அது அசையவே இல்லை. முழு பலத்தையும் போட்டு அழுத்தினார். கல் மாதிரி நின்றது.

"உங்களுக்கு அளவெடுத்துத் தெச்ச சட்டையை அவளுக்குப் போட்டு உட்டுட்டேன்பா" என்றார். "மூணு யானை ஏறினா எப்டி இருக்கும்னு பாத்தேன். அவ இப்ப எவ்ளோ இருக்குறா? காத்து மாதிரி இருக்குறா. ஸ்பிரிங்கு எப்டி அமுங்கும்? ஒவ்வொரு பள்ளத்துலயும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு."

எந்தப் பாரத்தில் சோதித்தாய் என்று ஊரையெல்லாம் கேள்வி கேட்டுப் பொருளைத் திருப்பி அனுப்புகிற மனிதர் அவர். சொந்த மனைவி விஷயத்தில் அதையே கோட்டைவிட்டுவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை. பழைய ஸ்பிரிங் இரும்புக்கடையில் உருகப் போய்விட்டது. புதிது சென்னையிலிருந்து வர அடுத்த ஊசித் தேதி தாண்டிவிடும் என்று பட்டறைக்காரர் கையை விரித்தார். ஒரு தடவை விட்டுவிட்டால் அக்கா மறுபடி வரவே மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். டிக்கியில் அரிசி மூட்டைகளை அடுக்கி ஓட்டிப் பார்த்தோம். மூட்டைகள் இங்கும் அங்கும் உருண்டு கார் குடித்தவன் மாதிரி ஆடியது.

நஞ்சப்பாதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "அண்ணா, மூட்டை எதுக்கு? எங்களுக்குத் தெச்ச சட்டைதானே. நாங்களே வர்றோம்."

இப்படியாக நாங்கள் காருக்குப் பாரமாக வேலைக்குச் சேர்ந்தோம். அடுத்த ஊசிச் சனிக்கிழமை மூன்று பேருக்கும் லீவு வேண்டும். எதற்கு என்று மேனேஜர் கேட்டதற்கு, "பாரத்துக்குப் போறோம் சார்" என்றான் முருகேசன். ஏதோ கோயில் வேண்டுதல் போலிருக்கிறது என்று அவரும் விட்டுவிட்டார்.

பின்சீட்டில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்ததும் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னாங்க இது, என்னைத் தூக்கிட்டுப் போக நாலு பேர் இப்பவே வந்துட்டாங்களா?" என்றார். பிறகு அவரே சிரித்தார். சிரித்தபடியே, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். அத்திப்பள்ளி வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். கார் படகு மாதிரி போயிற்று. திரும்பும்போது அக்கா பேக்கரி வாசலில் நிறுத்தச் சொல்லி, எங்களுக்கு ஆளுக்கு இரண்டு முட்டை பப்ஸ் வாங்கிக் கொடுக்கவைத்தார். "நல்லா சாப்பிடுங்கப்பா. நீங்க எளைச்சா எனக்குத்தான் கஷ்டம்."

புது ஸ்பிரிங் அடுத்த வாரமே வந்துவிட்டது. அண்ணன் பட்டறைக்குக் கிளம்பினார். அக்கா விடவில்லை. "அந்த ஸ்பிரிங்கு டப்பா அப்டியே கெடக்கட்டும். இவங்க வர்றது நல்லாயிருக்குது. உங்ககூட தனியா போனா வழிநெடுக பள்ளத்தைப் பத்தியே பேசுறீங்க" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நாங்கள் போனோம். முருகேசன் பாட்டுப் பாடுவான், நஞ்சப்பா எதிரே வரும் வண்டிகளைத் திட்டுவார், அக்கா அந்தத் திட்டுக்கெல்லாம் அர்த்தம் கேட்பார். என் மனைவியோடுகூட நான் அவ்வளவு ஊர் சுற்றியதில்லை.

மல்லிகா அக்கா பிழைக்கவில்லை. நம்பிக்கையோடு படித்துக்கொண்டு வருபவர்களை ஏமாற்றக் கூடாது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊசி போதும், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிய அந்தக் கடைசிச் சனிக்கிழமைதான் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

மத்தியானமே கிளம்பிவிட்டோம். தூறிக்கொண்டிருந்தது. வலியில் வீட்டுக் கட்டிலில்கூடத் தூங்க முடியாமல் இருந்தவர் அக்கா. அத்திப்பள்ளி நெருங்கும்போது அவர் தலை மெல்லத் தலையணைப் பக்கம் சரிந்தது. முருகேசன் பதறிப்போய் எட்டிப் பார்த்தான். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அக்கா தூங்கிவிட்டிருந்தார். அண்ணன் அங்கிருந்து மத்திகிரி வரை பிரேக்கையே தொடாமல் ஓட்டினார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

அண்ணன் வீட்டு வாசலில் கார் நின்றது. நஞ்சப்பா பழக்கதோஷத்தில் கதவில் கையை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களில் ஒருவர் இறங்கினாலும் காரின் பின்பக்கம் சட்டென்று எழும்பும், அக்கா விழித்துவிடுவார். நஞ்சப்பாவுக்கு எல்லையிலிருந்தே ஒன்றுக்கு முட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கெஞ்சுவதுபோல் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டுப் பெண்மணி வெளியே வந்து, நின்ற காருக்குள் நாலு ஆண்கள் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என் பையில் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. மரத்துப்போன காலை மாற்றி வைக்கக்கூட மூவருக்கும் துணிச்சல் வரவில்லை. கண்ணாடியில் தூறல் வழிந்துகொண்டே இருந்தது, உள்ளே அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது.

ஸ்பிரிங்கு அண்ணன் மேலே இருந்த கண்ணாடி வழியாக எங்கள் மூவரையும் ஒருவர் விடாமல் பார்த்தார். அவ்வளவு அன்பாக என்னை யாரும் பார்த்ததில்லை. அக்கா தானாகக் கண் விழிக்கிறவரை நாங்கள் யாரும் இறங்கவில்லை.