அசல்தேடியும் மூன்றாவது பந்தமும்

அசல்தேடி என்றோர் இனம் உண்டு. மற்றப் பயணிகள் மலைக்குப் பனிச்சறுக்க வருவார்கள். சறுக்குவார்கள், விழுவார்கள், எழுந்து ஊர் திரும்புவார்கள். அவர்களால் எவருக்கும் தீங்கில்லை. அசல்தேடியோ பகலெல்லாம் சறுக்கிவிட்டு, மாலையில் ஈரக் காலுறையோடு அடுக்களைக்குள் நுழைந்து, உண்மையான வாழ்க்கை எங்கே இருக்கிறது என்று கேட்பவர். அதனை வீட்டார் அடுப்புக்குப் பின்னால் எங்கோ ஒளித்து வைத்திருப்பதாக அவருக்கு ஓர் ஐயம்.

ஸ்வானேத்தி மலையின் கடைசிச் சிற்றூரில், பயணிகளுக்கு இரண்டு அறைகளை ஒதுக்கி உணவும் அளித்துவந்த மக்வாலா, அவ்வினத்தில் பலரைப் பார்த்தவள். ஆயினும் அந்தப் பிப்ரவரியில் தலைநகர் திபிலிசியிலிருந்து வந்திறங்கிய ஓதார் அவர்களுள் தலையாயவர். வந்த அன்றே சலவை இயந்திரத்தின்மேல் கம்பளியைப் போர்த்தினார். படத்தில் அது விழக் கூடாதாம். முற்றத்துப் பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தொழுவத்துக்கு அனுப்பினார். பசுக்கள் இரண்டு நாள் குழம்பின. மாவு பிசைய மின்கருவி இருக்க, இறைச்சி ரொட்டிக்குக் கையால் பிசையச் சொன்னார். பிசைந்தபோது, முகத்தில் இன்னும் சிறிது துயரம் வேண்டுமென்றார். இணையத்தின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு, இவ்வூரில் இணையமே இல்லை என்று உலகுக்கு அறிவித்தார். போதுமா? போதாது.

"போன வருஷம் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போனேம்மா. கெட்டுப்போச்சு. எங்க பாத்தாலும் வெளியூர்க்காரங்க."

"அப்படியா தம்பி," என்றாள் மக்வாலா, அவருடைய தட்டில் நான்காவது ரொட்டியை வைத்தபடி. "அவங்களை யாரு வரச் சொன்னாங்களோ."

ஓதார் தலையை அசைத்தார். அவருக்கும் அது விளங்கவில்லை.

மக்வாலாவுக்கு அப்போது வேறொரு கவலை. வரும் ஞாயிறன்று மகள் தமுனாவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் தாய் எத்தேரி, அடுத்தவர் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரும் நேரத்தைக்கூடக் குறித்து வைப்பவள். தீப்பந்தத் திருநாளுக்காக இவ்வூரிலுள்ள தன் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தாள். ஞாயிறுவரை அவள் கண்ணில் ஒரு குறையும் பட்டுவிடக் கூடாது.

திருநாளன்று விடியுமுன் வீட்டுக்கு வீடு மரத்தடிகளைக் கொளுத்தி ஏந்திச் சென்று, தேவாலய முற்றத்துப் பனியில் வரிசையாக நடுவார்கள். வீட்டில் எத்தனை ஆண்களோ அத்தனை பந்தங்கள். எவள் வயிற்றிலாவது பிள்ளை இருந்தால் அதற்கும் ஒன்று. ஊர் வாய்திறந்து எதனையும் கேட்காது. எண்ணிக்கொள்ளும்.

மக்வாலாவின் வீட்டில் ஆண்கள் இருவர்: கணவன் ஜான்சுக், மகன் மீஷா.

"எனக்கும் ஒரு பந்தம் குடுங்கம்மா," என்றார் ஓதார், முதல் நாள் மாலையில்.

"அது வீட்டு ஆம்பிளைங்களுக்குத் தம்பி. விருந்தாளிக்கு வழக்கமில்ல."

"நான் இன்னுமா விருந்தாளி? உங்க வீட்டுப் பிள்ளைம்மா." சொன்னவரின் கண்கள் கலங்கின. அசல்தேடிக்கு மூன்றாம் நாளில் கண் கலங்கும். நான்காம் நாளில் அவர் குடும்பத்தில் ஒருவர் ஆகிவிடுவார்.

மறுநாள் விடியுமுன், விறகுக் குவியலிலிருந்து உருவிய தடியொன்றைக் கொளுத்தி, இரண்டு பந்தங்களுக்குப் பக்கத்தில் அவர் நட்டார். நட்டவர் அங்கே நின்றாரா? மேலிருந்து எடுத்தால் படம் அருமையாக அமையுமென்று சறுக்குக் கட்டைகளுடன் சரிவில் ஏறி, இருளில் மறைந்தார். மூன்று பந்தங்கள் எரிந்தன. மூன்றாவதன் பின்னால் ஒருவரும் இல்லை.

ஊர் எண்ணியது. எண்ணிவிட்டு, ஐம்பத்தாறு வயது மக்வாலாவைப் பார்த்தது. ஜான்சுக், ஊர் தன்மேல் வைத்த நம்பிக்கையை எண்ணி மீசையைத் தடவிக்கொண்டான். பிறகு ஊரின் பார்வை மெல்ல நகர்ந்து, தமுனாவின்மேல் வந்து நின்றது.

வானம் வெளுக்கத் தொடங்கியபோது எத்தேரி நெருங்கி வந்தாள். "உங்க வீட்டுல ஆம்பிளை ரெண்டு பேருதானே சம்பந்தி? மூணு எரியுதே."

தமுனாவின் முகம் வெளுத்தது. மக்வாலா மகளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மூணாவதும் ஆம்பிளைதான். அதோ, மேல நின்னு படம் புடிக்கிறான் பாருங்க."

"அது உங்க விருந்தாளியில்ல?"

"எங்க வீட்டுப் பிள்ளை. நேத்து அவனே சொல்லிட்டான்."

"பிள்ளையா?" எத்தேரி சரிவை அண்ணாந்து பார்த்தாள். "அப்ப, வளர்ந்த பிள்ளை இருக்கிற வீட்டுக் கூரையில எதுக்கு இன்னும் பனி கெடக்கு?"

"இன்னைக்கு எறக்கிடுவான்," என்ற மக்வாலா, சரிவை நோக்கிக் குரலை உயர்த்தினாள். "டேய் ஓதார், கீழ வாடா. அந்தக் கட்டைய அவுத்துட்டு மண்வெட்டிய எடு."

'டா'வைக் கேட்ட ஓதாருக்கு உச்சி குளிர்ந்தது. மண்வெட்டியைக் கண்டதும் உள்ளங்காலும் குளிர்ந்தது. "அம்மா, மேல புதுப் பனி விழுந்திருக்கு. இன்னைக்குச் சறுக்கலேன்னா..."

"கூரையிலயும் அதே பனிதான்டா விழுந்திருக்கு."

அன்று கூரை. மறுநாள் தொழுவச் சாணம். அதற்கு மறுநாள் விறகு. எதிரே தன் பிறந்த வீட்டு மாடத்தில் தேநீரும் கையுமாக எத்தேரி அமர்ந்திருந்தாள். ஆகவே மக்வாலாவால் ஓதாருக்கு ஒரு வேளைகூட ஓய்வு கொடுக்க இயலவில்லை. கையால் பிசைதல், துயர முகம் ஆகியவற்றை இப்போது அவரே பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை எத்தேரி தீர்ப்புச் சொன்னாள்: "மண்வெட்டி புடிக்கத் தெரியல. ஆனா, இத்தனை திட்டு வாங்கிட்டும் போகாம நிக்கிறானே, பிள்ளைதான்."

ஞாயிறன்று நிச்சயதார்த்தம் குறைவின்றி நடந்தது. திங்களன்று ஓதார் புறப்பட்டார். அந்த ஊரும் கெட்டுவிட்டது, விருந்தோம்பலே மறைந்துவிட்டது என்று வழியிலேயே உலகுக்கு அறிவித்தார்.

சிரிக்கிறீர்களா? பனிமலையை நீங்கள் பார்த்ததே இல்லையா? நன்று. ஆயினும் சென்ற விடுமுறையில் யாரோ ஒருவருடைய ஊரில், படத்துக்கு இடையூறென்று பிளாஸ்டிக் குடத்தைச் சற்றே நகர்த்தச் சொன்னவர் யார்? "இங்கேயே இருந்துவிடலாம் போலிருக்கிறது" என்று அந்த வீட்டாரிடம் பெருமூச்சு விட்டவர் யார்? அவர்கள் புன்னகைத்தார்கள் அல்லவா? அது விடைகொடுக்கும் புன்னகை என்று நினைத்து வந்துவிட்டீர்கள். உங்களை எந்த வேலைக்கு அனுப்பலாமென்று அவர்கள் யோசித்துக்கொண்டிருந்தார்கள்.