மாமூத்தைத் தின்றவர்

லேனா நதிக்கரையில் கரடிகளைவிட அதிகமாகப் பெருகியிருக்கும் இனம் ஒன்று உண்டு: மாமூத் இறைச்சியைத் தின்றவர். மயிர் போர்த்திய அந்த ஆதி யானை செத்துப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அதனால் என்ன? உறைந்த மண்ணிலிருந்து அது வெளியே வந்த அன்றைக்கு, நல்லவேளையாக, இவர் கையில் கத்தி இருந்தது.

இவரை அடையாளம் காண்பது எளிது. விருந்தில் எல்லோரும் குதிரைக்குட்டி இறைச்சியைப் புகழ்ந்து முடிக்கும்வரை காத்திருந்து, முள்கரண்டியை மெல்லக் கீழே வைத்து, கண்களை மூடி, பக்கத்து மேசைக்கும் கேட்கும்படி ஒரு பெருமூச்சு விடுவார். "என்ன ஆச்சு?" என்று கேட்டால் தொலைந்தோம். மாமூத் தின்ற கதை தொடங்கிவிடும். டாக்டரிடம் சொல்லும்போது அந்த இறைச்சி முதுகுவலிக்கு மருந்து. மாஸ்கோக்காரரிடம் சொல்லும்போது வெண்ணெய். மாமியாரிடம் சொல்லும்போது, உப்பு கொஞ்சம் குறைவு.

எங்கள் ஊரில் அந்தப் பதவியை வகித்தவர் என் அப்பா கவ்ரீல். ஆதாரமும் வைத்திருந்தார்: வீட்டுக்குப் பின்னால், உறைமண்ணில் தோண்டிய நிலவறையில், துணி சுற்றிய ஒரு கறுத்த துண்டு. நானோ ஆய்வகத்தில் மாமூத்தை ஆராய்பவள். வயிற்றிலிருக்கும் புல்லை வைத்து அதன் கடைசி உணவைச் சொல்வோம். தந்தத்தின் வளையங்களை வைத்து, எந்தக் குளிர்காலத்தில் தாய்ப்பால் மறந்தது என்றுகூடச் சொல்வோம்.

"ஒரு நகத்தளவு குடுங்கப்பா, சோதிச்சிடலாம்."

"போடி! தின்னவன் நாக்குக்குத் தெரியாதது உன் கண்ணாடிக் குழாய்க்குத் தெரியுமா?"

இந்த வசந்தத்தில் அப்பா இறந்தார். மனிதர்களுக்குத் தந்தம் இல்லை.

நினைவு விருந்தன்று, எங்கள் வழக்கப்படி, வீட்டிலுள்ளதில் சிறந்ததை முதலில் நெருப்புக்கு ஊட்ட வேண்டும். அப்பாவை ஒருநாளும் நம்பாத பக்கத்து வீட்டு ஹரிதோன் மாமா எழுந்தார்.

"சிறந்ததுதான் நிலவறையில கெடக்கே! அதைப் போடும்மா. ஊரே பாக்கட்டும்."

நெருப்புக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? கொண்டுவந்து அடுப்பில் இட்டேன். கொழுப்பு உருகியது. மணம் எழுந்தது. அங்கிருந்த ஒவ்வொரு மூக்கும் அந்த மணத்திலேயே வளர்ந்தது.

குதிரைக்குட்டி. விலாப்பகுதி.

ஆய்வகமே தேவைப்படவில்லை. அப்பாவின் பெயர் அடுப்புக்குள் பொரிந்துகொண்டிருந்தது. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். முள்கரண்டியைக் கீழே வைத்தார். கண்களை மூடினார். பெருமூச்சு.

"அதே வாசனை!" என்றார். "அன்னிக்கு நானும் கவ்ரீல்கூட இருந்தேன்ல."

"யோவ், நீ எங்க இருந்தே? மாட்டுக்குப் புல்லு வெட்டிட்டு இருந்தே!" என்றாள் அவர் மனைவி. பிறகு அடுப்பைப் பார்த்தாள். "கவ்ரீல்தான் எனக்கு ஒரு துண்டு கொண்டுவந்து குடுத்தாரு. உப்பு கொஞ்சம் கம்மி."

இப்போது எங்கள் ஊரில் மாமூத்தைத் தின்னாதவர் யாருமில்லை. போன வாரம் ஆய்வகத்துக்கு வந்த ஒருவர், அதன் ருசி எப்படியிருக்கும் என்று என்னிடம் கேட்டார். நான் கண்களை மூடினேன்.

சிரிக்கிறீர்கள். சரி. இல்லாமல் போன உங்கள் அப்பாவைப் பற்றி ஒருநாள் யாராவது உங்களைக் கேட்கட்டும். முள்கரண்டி உங்கள் கையிலேயே இருக்கிறதா, பார்ப்போம்.