கடல் தெரியும் சிறை

எங்கள் சமஸ்தானத்தில் அந்த வருஷத்து ஆப்பெராவுக்கு ஒரு சிறைச்சாலைக் காட்சி தேவைப்பட்டது. கதாநாயகன் அங்கே கிடந்து, பாடிப் பாடிச் சாக வேண்டும். மேடைத் திரை வரையும் ஓவியர் எர்கோலே கசியும் சுவரும் வைக்கோலும் எலியுமாக வரைந்து, தணிக்கை அதிகாரி புருனெட்டியிடம் கொண்டுபோனார். முத்திரை விழாவிட்டால் அரங்கு திறக்காது. எர்கோலே வீட்டில் அடுப்பும் எரியாது.

“இது எந்த ஊரு சிறை?”

“கற்பனைங்க.”

“பாக்கறவன் நம்ம சிறைன்னு நெனச்சுட்டா? நம்ம சிறையில ஈரம் உண்டாய்யா?”

எர்கோலேயின் மைத்துனர் அங்கேயிருந்து இருமலோடு திரும்பியவர்.

“கிடையவே கிடையாதுங்க.”

“அப்போ சுவரைக் காய வை.”

சுவர் காய்ந்தது. எலி விடைபெற்றது. வைக்கோல் கட்டிலாயிற்று. கம்பி மனத்தை உறுத்துவதாக அதிகாரி கருதியதால் ஜன்னல் அகன்றது. அகன்ற ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வேண்டுமே என்று கடல் வந்தது. எங்கள் சமஸ்தானத்தில் கடல் இல்லை. அதை விதிகள் தடுக்கவும் இல்லை. ‘நமது சிறைச்சாலையின் மெய்த்தோற்றம் எனச் சான்றளிக்கப்படுகிறது’ என்று முத்திரை விழுந்தது.

முதல் நாள், மெத்தையில் சாய்ந்தபடி கதாநாயகன் “ஐயோ, இந்த நரகம்!” என்று பாடினான்.

“வேணாம்னா எந்திரிடா, நான் படுத்துக்கறேன்!” என்றது மாடி வரிசை.

சமஸ்தானத்தை ஆளும் கோமகனார் மட்டும் கண்கலங்கினார். “நம் சிறை இவ்வளவு அழகா? நாளைக்கே பார்க்கணும்.”

வேறு வழி? திரையைக் கழற்றிச் சிறையின் பெரிய அறையில் மாட்டினார்கள். எங்கள் ஊர்த் திரைகள் கோமகனார் அமரும் இடத்திலிருந்து பார்த்தால்தான் நேராகத் தெரியும்; அப்படித்தான் வரைவது வழக்கம். அளந்து அங்கே ஒரு நாற்காலி போட்டார்கள். அவர் உட்கார்ந்தார். ஓரமாக நின்றவர்களுக்குக் கடல் சரிந்து கொட்டுவதுபோல் இருந்தது.

“எப்படி?” என்றார் கோமகனார்.

“ரொம்ப நேர்த்தி, பிரபு” என்றார்கள் எல்லோரும், தலையைச் சாய்த்துக்கொண்டு.

“இதை வரைந்தவன் எங்கே குடியிருக்கிறான்?”

“தோல் பதனிடுகிற கொட்டகைக்கு மேலே, வாடகைக்கு.”

“அடப் பாவமே! இந்த அறையை அவனுக்கே கொடுங்கள். ஆயுள் முழுக்க.”

ஓரமாக நின்ற எர்கோலே முன்னே நகர்ந்தார். “ஐயா, அது வெறும் துணின்னு சொல்லுங்களேன்” என்று புருனெட்டியின் காதைக் கடித்தார்.

“சான்று கொடுத்தவன் நானு. நான் எப்படிய்யா சொல்றது? கடலைப் பாத்துக்கிட்டு நிம்மதியா இரு.”

எர்கோலேயை உள்ளே விட்டுப் பூட்டினார்கள். நாங்கள் வாசலில் நின்று கைதட்டினோம். கொடுத்துவைத்தவன் என்று பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு ஊரில் பாதிப்பேர் தங்களுக்கும் அப்படியொரு அறை கேட்டு மனுப் போட்டோம். அரசு பரிவோடு ஒவ்வொருவராக அழைத்துக்கொண்டிருக்கிறது.