முழங்காலை மறைத்துப் பெண் கேட்கப் போனது

வாயை மூடிக்கொண்டிருந்தால் நன்றாக முடிந்திருக்கக்கூடிய காரியங்களை வாயைத் திறந்து கெடுத்தவன் நான். என் அண்ணனின் கல்யாணப் பேச்சை அப்படிக் கெடுக்கப் பார்த்தது, இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருடம்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. உதவி ஆசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம். (இங்கிலீசில் கடிதம் எழுதுவேன் என்பதால், குடும்பத்தில் பேசத் தெரிந்தவன் நான்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.) இரவல் சைக்கிளில் போய் மதகுக் கட்டில் மோதி, இடது முழங்கால் சில்லு வெடித்துவிட்டது. பரியாரியார் எண்ணெய் பூசி, மூங்கில் சிம்புகளை வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் காலை மடக்கவே கூடாது என்றார்.

இருபதாம் நாள், வாவிக்கு அக்கரையில் வவுணதீவுப் பக்கம் அண்ணனுக்குப் பெண் கேட்க எல்லோரும் புறப்பட்டார்கள்.

"நீ வீட்டில கிட," என்றார் அப்பா.

"நான் வராட்டி அங்க ஆர் கதைக்கிற?"

அப்பா யோசித்தார். "அப்ப முழங்கால் கதை ஒருத்தருக்கும் தெரியப்படாது," என்றார்.

அதற்குக் காரணம் இருந்தது. சித்தப்பாவுக்குப் பிறவியிலேயே ஒரு கால் ஊனம். முந்தின வருடம் அண்ணனுக்கு ஓரிடத்தில் எல்லாம் பேசி முடித்த பிறகு, 'நொண்டிக் குடும்பம்' என்று சொல்லி விலகிவிட்டார்கள். அதன்பின் நல்ல காரியங்களுக்குச் சித்தப்பாவை நாங்கள் கூட்டிப்போவதில்லை. அவரும் கேட்பதில்லை. அன்றும் எங்களுக்குப் படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

தோணியில் காலை நீட்டி இருந்தேன். (கிடந்தேன் என்பதே சரி.) அக்கரையில் மாட்டுவண்டி. என் கால் பின்பக்கமாக வெளியே நீண்டிருந்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போய் வந்தது. மாப்பிள்ளையாகப் போகிற அண்ணன் வண்டியில் ஏறவில்லை. என் குதிக்காலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, புழுதியில் பின்னாலேயே நடந்து வந்தான்.

பெண்ணின் தாய்மாமன் நிறைய வயல் உள்ள ஒரு போடியார். பாய் விரித்து, வெற்றிலைத் தட்டு வைத்திருந்தார்கள். எல்லோரும் இருந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

"இரிங்க தம்பி," என்றார் போடியார்.

"இல்ல, நான் நிக்கிறன்."

"களைச்செல்லவா வந்திருக்கிறீங்க."

"எனக்கு நிண்டாத்தான் களைப்பு ஆறும்."

அவர் முகம் மாறியது. அப்பாவைப் பார்த்து, "எங்கட பாயில இரிக்க அவருக்கு மனமில்லப் போல," என்றார்.

பயந்துபோய்ப் பாயில் இருக்கப் பார்த்தேன். மடங்காத கால் வெற்றிலைத் தட்டைத் தள்ளிக்கொண்டு நேரே போய்ப் போடியாரின் மடியில் ஏறியது. கட்டு நெகிழ்ந்து, ஒரு சிம்பு வேட்டிக்குள்ளிருந்து வழுக்கி விழுந்தது. அவர் அதை எடுத்துப் பார்த்தார்.

"இதென்ன?"

"அடிமட்டம்," என்றேன். "பள்ளிக்கூடத்தில கோடு கீறுறது."

"வேட்டிக்குள்ளயா?"

"ஓம்."

யாரும் சிரிக்கவில்லை. அதுவரை வாயே திறக்காத அண்ணன்தான் பேசினான்.

"அது அடிமட்டமில்ல. தம்பிக்கு முழங்கால் வெடிச்சிட்டு. மறைச்சது எங்கட பிழை. எங்கட சித்தப்பாவும் பிறவியில கால் ஏலாதவர். அதையும் கேட்டுப்போட்டு முடிவு சொல்லுங்க."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவர் அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. வந்ததைப் போலவே திரும்பிப் போகப்போகிறோம், அதுவும் என்னால்தான் என்று நினைத்தேன்.

போடியார் என் காலை மடியிலேயே வைத்து, சிம்பைச் செருகி, துணியை இறுக்கிக் கட்டினார். கட்டிக்கொண்டே அண்ணனைக் கேட்டார்:

"சித்தப்பாவ ஏன் கூட்டி வரல்ல?"

போடியார் கடைசி முடிச்சைப் போட்டார்.

"அவரோட வாங்க. அப்ப பேசி முடிப்பம்."

பத்து நாள் கழித்துப் போனோம். அம்மா வெளுத்த வேட்டியை எடுத்துக் கொடுத்தபோது சித்தப்பா, "நானுமா?" என்று இரண்டு தரம் கேட்டார். தோணியில் ஏறும்போது அவர் என் தோளைப் பிடித்தார், நான் அவர் தோளைப் பிடித்தேன்.

கல்யாணம் நடந்தது. என் முழங்கால் மட்டும் இன்றுவரை முழுதாக மடங்காது. அண்ணன் வீட்டில் யார் கதை கட்டினாலும், அண்ணி முகத்தில் சிரிப்பே இல்லாமல், "வேட்டிக்குள்ளயா?" என்று கேட்பாள். போன மாதம் அவளுடைய ஐந்து வயதுப் பேத்தி என்னையே அப்படிக் கேட்டாள். அவள் வயதில் நான் எவ்வளவு அடக்கமான பிள்ளையாக இருந்தேன் என்று அப்போது அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.