சத்துமாவில் ஊமத்தம்பூ

நெல்லித்தோப்பு,
சனிக்கிழமை காலை.

பாகூர் மகளிர் குழுவின் தலைவியும் என் அப்பாவின் ஒரே தங்கையுமான தையல்நாயகி அத்தை அவர்களின் திருமுன்பு, அண்ணன் மகன் கலைவாணன் தலை குனிந்து எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். இரண்டு கண்ணும் இப்போது சரியாகத் தெரிகிறது. அங்கு உங்கள் மூட்டுவலியும் மாமாவின் கோபமும் குறைந்திருக்க நெல்லித்தோப்பில் உள்ள எல்லாச் சாமியையும் வேண்டிக்கொள்கிறேன்.

போனில் பேசினால் உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது, குழுவுக்கு எதுவானாலும் எழுத்தில்தான் வேண்டும், செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் செயலாளர் அஞ்சலாட்சி அக்கா எல்லோர் முன்னாலும் வாசிப்பார் என்று சொல்லிவிட்டீர்கள். ஆகவே குழந்தைகள் குடிக்கும் சத்துமாவுப் பாக்கெட்டில் ஊமத்தம்பூ எப்படி வந்தது என்ற விளக்கத்தை இத்துடன் சமர்ப்பிக்கிறேன். அக்கா கொஞ்சம் இரக்கமான குரலில் வாசிக்கவும்.

அத்தை, முதலில் என் பிழைப்பைப் பற்றிக் குழுவுக்குச் சொல்ல வேண்டும். பதினோரு வருடமாக கிராஃபிக் டிசைனர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அப்பா இன்றுவரை யார் கேட்டாலும் "கம்ப்யூட்டர்ல என்னமோ படம் போடறான்" என்றுதான் சொல்கிறார், அது ஒன்றும் தப்பில்லை. பல் டாக்டருக்குச் சிரிக்கிற பல்லைப் போட்டேன், கண் டாக்டருக்குச் சிரிக்கிற கண்ணைப் போட்டேன், மூலம் பவுத்திரம் பார்க்கிறவர் வந்து அதே மாதிரி வேண்டும் என்றபோதுதான் முடியாது என்றேன். மற்றபடி இந்த ஊரில் எவர் காபிக் கடை திறந்தாலும் மஞ்சள் சுவர், அதன்மேல் காகிதப்பூ, கீழே ஒரு சைக்கிள். இதை மட்டும் நாற்பத்திரண்டு தடவை வரைந்திருக்கிறேன். கையைக் கட்டிவிட்டால் காலால் வரைந்துவிடுவேன். இப்படி இருந்தவனை நம்பித்தான் நீங்கள், "நம்ம புள்ள இருக்கறப்ப வெளிய எதுக்குக் குடுக்கணும்?" என்று மாமாவிடம் சண்டை போட்டுப் பாக்கெட் வேலையைக் கொடுத்தீர்கள். நம் குடும்பத்தில் என் வேலையை வேலை என்று மதித்து ஒருவர் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அன்று சந்தோஷத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை, அத்தை. அங்கேதான் எல்லா வினையும் ஆரம்பித்தது.

சாதாரணமாக வரைந்திருந்தால் கேழ்வரகுக் கதிரைப் போட்டு முடித்திருப்பேன். அத்தைக்கு அசல் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. நாலு நாள் திரையைப் பார்த்து உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. யூடியூபில் ஒருவர், கணினியை மூடு, வெளியே நட, இயற்கை உனக்குக் கற்பனையைக் கொட்டும் என்றார். உடனே தொப்பி வாங்கினேன், ஒரு நோட்டு வாங்கினேன், உப்பளம் தெருக்களில் இறங்கி நடந்தேன். ஒரு வீட்டுச் சுவரில் பச்சைப் பாசியும் நீலச் சுண்ணாம்பும் கலந்திருந்த அழகை நின்று குறித்துக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் வெளியே வந்து, "வீட்டு வரிக்குத்தான அளக்குறீங்க? பின்னாடி இருக்கறது ரூம்பு இல்ல சார், கோழிக்கூண்டு, எழுதிக்கோங்க" என்றார். நானும் மரியாதைக்கு எழுதிக்கொண்டேன். அதைப் பார்த்து அந்தத் தெருவே அவரவர் கோழிக்கூண்டைக் காட்ட வந்துவிட்டது. மறுநாள் ஆள் நடமாட்டமே இல்லாத இடமாகப் போவோம் என்று உழவர்கரையில் ஒரு காலி மனைக்குள் நுழைந்தேன்.

அங்கே இருந்தது அத்தை, அந்தப் பூ. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். வெளியே கத்தரிக்காய் நிறம், உள்ளே வெள்ளை, ஒன்றுக்குள் ஒன்று செருகியது போல இரண்டு அடுக்கு. பக்கத்திலேயே முள்முள்ளாக உருண்டையான ஒரு காய். பதினோரு வருடத்தில் இப்படி ஒரு வடிவத்தை நான் கண்டதில்லை. குப்பைக்கும் உடைந்த கக்கூஸ் பீங்கானுக்கும் நடுவே யாரும் கவனிக்காமல் கிடக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணை அந்தப் பூவைப் பறித்த கையாலேயே துடைத்துக்கொண்டேன். அன்று முழுக்க வலது கண்ணில் வெளிச்சம் கூசியது, நிறமெல்லாம் கொழுந்துவிட்டு எரிந்தது, எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. கற்பனை பெருகுகிறது என்று நினைத்து விடாமல் வரைந்தேன். பாக்கெட்டின் ஊதா நிறம் ஏன் இப்படி அடிக்கிறது என்று அஞ்சலாட்சி அக்கா கேட்டாரல்லவா, அதை நான் ஒற்றைக் கண்ணால் தேர்ந்தெடுத்தேன்.

ஆனாலும் நான் விசாரிக்காமல் போட்டேன் என்று மட்டும் குழு நினைத்துவிடக் கூடாது. கீழ் வீட்டில் வீட்டுக்கார அம்மா பெர்னதெத் இருக்கிறார். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அம்மா வாசலில் தொட்டி தொட்டியாகச் செடி வளர்க்கிறவர். படத்தைப் போனில் காட்டி என்ன பூ என்று கேட்டேன். எட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது லிஸ்ஸு தம்பி, பிரெஞ்சுல லில்லிப்பூ. நம்ம சூசையப்பர் கையில வச்சிருப்பாரே, அந்தப் பூ. ரொம்ப விசேஷம்" என்றார். அவர் கண்ணாடி அன்று கடையில் ரிப்பேருக்குப் போயிருந்தது எனக்குத் தெரியாது. ஆக என் கண்ணும் சரியில்லை, அவர் கண்ணும் சரியில்லை, இரண்டு பேருமாகச் சேர்ந்து சூசையப்பரை இழுத்துவிட்டோம். பூவை நடுவில் பெரிதாகப் போட்டேன். முள்காயைச் சுற்றிலும் பார்டராக ஓட்டினேன். அடியில் "ஒரு முறை குடித்தால் மறக்கவே மாட்டீர்கள்" என்று என் சொந்தச் செலவில் ஒரு வாசகமும் எழுதினேன்.

அதற்கப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். மாவை அடைத்துக் கட்டும்போது ஊதாப் பூ எடுப்பாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்களாம், என்ன பூ என்று யாரும் உற்றுப் பார்க்கவில்லை. மாமா வயலிலிருந்து வந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தவர் அங்கிருந்தே எனக்குப் போன் போட்டார். "ஏன்டா, புள்ளைங்க குடிக்கிற மாவுல ஊமத்தம்பூவ போட்டு வச்சிருக்க? காயி வேற போட்டிருக்க! இத்தக் குடிச்சா எங்க மறக்கறது? சட்டையக் கிழிச்சிக்கிட்டு ரோட்ல ஓட வேண்டியதுதான்!" நான், இல்லை மாமா, அது லிஸ் என்றேன். "விவசாயி வூட்ல பொறந்துட்டு ஊமத்தையத் தெரியலன்னு சொல்றியே, எங்கனா வெளிய சொல்லிடாதடா" என்று வைத்துவிட்டார். அவர் திட்டியதைக்கூடத் தாங்கினேன். கடைசியில் குரல் இறங்கிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை.

நகரத்துக் கடைக்காரர் நானூறு பாக்கெட்டையும் திருப்பிவிட்டார், இருபதாம் தேதிக்குள் வேறு உறையில் வராவிட்டால் ஆர்டரை வேறு குழுவுக்குக் கொடுத்துவிடுவார் என்று கேள்விப்பட்டேன். அது குழுவின் முதல் கடை ஆர்டர். விடியற்காலையில் எழுந்து நீங்கள் எல்லோரும் வறுத்த மாவு. மாவில் ஒரு குறையும் இல்லை, அதன்மேல் ஒட்டியிருந்த நான்தான் குறை. அதே பாக்கெட்டை உள்ளூரில் இரண்டு மருமகள்கள் மட்டும் ஆசையாகக் கேட்டு வாங்கிப் போனதாக அஞ்சலாட்சி அக்கா சொன்னார். அந்த இரண்டு மாமியார்களையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வரவும்.

அத்தை, வேலையை வேறு ஆளிடம் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் பேச்சு வரும். வரட்டும், நியாயம்தான். ஆனால் ஒரே ஒரு வாய்ப்பு கேட்கிறேன். இந்த வேலையும் கை நழுவினால் சாகும்வரை மஞ்சள் சுவரும் சைக்கிளும்தான் எனக்கு மிச்சம். புது உறையில் பூ வராது, காய் வராது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தில் "சத்துமாவு" என்று மட்டும் இருக்கும். தொப்பியைப் பெர்னதெத் அம்மாவின் பூனைக்குப் படுக்கையாகக் கொடுத்துவிட்டேன். இனி கற்பனை தேடி வாசப்படி தாண்ட மாட்டேன் என்பதை என் படிப்பின் மேல் ஆணையாகச் சொல்கிறேன். எப்படிப்பட்ட படிப்பு என்று மாமா கேட்டால் பதில் சொல்ல வேண்டாம்.

மாமாவுக்கு என் நமஸ்காரம், தூரத்திலிருந்து. குழுவினர் அனைவரும் நோய் நொடி இல்லாமல், பாக்கெட் பாக்கெட்டாக விற்று, நூறு வருடம் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் கையால் சோறு தின்றும் ஊமத்தை தெரியாத
கலைவாணன்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். தபால் பெட்டிக்குப் போகிற வழியில், அத்தை, ஒரு மரம்! இலையெல்லாம் பளபளவென்று, கிளை முழுக்க ஆரஞ்சு நிறத்தில் உருண்டை உருண்டையாகப் பழம். ஒரு காக்கை குருவிகூடக் கொத்தவில்லை, அவ்வளவு சுத்தம். கீழே அத்தனை பழம் கொட்டிக் கிடந்தும் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்றுகூட வாய் வைக்கவில்லை, அவ்வளவு ஒழுக்கம். வெறும் எழுத்து பிணக்களையாக இருந்ததால் இதையே வரைந்து, கூட்டம்வரை காத்திருந்தால் இருபதாம் தேதி தவறிவிடும் என்று ஆயிரம் பாக்கெட் உறைக்கு அச்சகத்தில் கொடுத்துவிட்டேன், திங்கட்கிழமை உங்கள் வாசலுக்கே வந்துவிடும். நான் வரைந்துகொண்டிருந்தபோது ஆட்டுக்கார அம்மா ஒருவர் "எட்டி! எட்டி!" என்று கூவி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டிக்கொண்டே என்னை நோக்கி ஓடிவந்தார். நம்மூர்க்காரர்களைப் போலவே பாசமானவர். நானும் கையாட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.