மிச்சம் ஏழு ஸ்க்ரூ

என் காரை நானே ரிப்பேர் செய்வது என்று நான் முடிவெடுத்தது ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஆறு மணி பத்து நிமிஷத்துக்கு. நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம் உண்டு. ஆறு மணி ஒன்பது நிமிஷத்துக்கு என் மனைவி மைத்ரேயி அந்தக் காரை விற்கப்போவதாக அறிவித்தாள்.

அன்றைக்கு நல்ல மழை. புத்தூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்விட்டு ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பி, வீட்டு வாசலில் இறங்கினோம். நான் இறங்கினேன். அவள் கரையேறினாள். அரக்குப் பட்டுப்புடவை முழங்கால் வரைக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த இடது பக்க சீட்டுக்கு முன்னால் ஒரு சின்னக் குளம். அதில் அவளுடைய செருப்பில் ஒன்று மிதந்துகொண்டிருந்தது.

"ஏன்னா, இது காரா, தெப்பமா?"

"மழைன்னா கொஞ்சம் ஈரம் இருக்கத்தான் செய்யும்."

"மழை வெளியில பெய்யறது. நான் உள்ளே உக்காந்துண்டிருந்தேன்."

நான் குனிந்து, மிதந்த செருப்பை எடுத்துக் கொடுத்தேன். அவள் இன்னும் முடிக்கவில்லை.

"ஞாயித்துக்கிழமை கைலாசபுரத்துல அண்ணா ஆத்துக்குப் போறோம். துறையூர்லேர்ந்து பீமராவ்னு ஒருத்தர் அங்க வரார். கோழிப்பண்ணை வெச்சிருக்கார். தீவன மூட்டை ஏத்தறதுக்குப் பழைய கார் ஒண்ணு வேணுமாம். போய்ச் சேர்ற வரைக்கும் என் பாதம் காஞ்சிருந்தா வண்டி நம்மாத்துலயே இருக்கட்டும். ஒரு சொட்டு ஜலம் பட்டாலும் சாவி அவர் கைக்குப் போயிடும்."

கோழித் தீவனம்! இருபத்திரண்டு வருஷமாக ஒரு வெங்காய மூட்டையைக்கூட ஏற்றாத வண்டி அது. ஒவ்வொரு சனிக்கிழமையும் பெருமாள் சேவித்துவிட்டுத் திருத்துழாய் என்கிற துளசிப் பிரசாதம் கொண்டுவந்து டாஷ்போர்டின் மேல் வைப்பேன். அடுத்த சனிக்கிழமைக்குள் அது காய்ந்திருக்கும். அதைக் குப்பையில் போடலாமா? கால் படும் இடத்தில் போடலாமா? முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் முளைத்திருக்கும் இடத்தில், சல்லடை மாதிரி ஓர் இடுக்கு உண்டு. பக்தியோடு அதற்குள் செருகிவிடுவேன். அங்கே யார் காலும் படாது. இத்தனை வருஷம் ஒரு கீறல் இல்லாமல் ஓடுகிறதென்றால் சும்மாவா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டியை என்னைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. மூன்று மாதத்துக்கு முன்னால் மைத்ரேயி, "நானும் கத்துக்கட்டுமா?" என்று கேட்டாள். நான் சிரித்தேன். நெடுநேரம் சிரித்தேன். அதற்கப்புறம் அவள் கேட்கவில்லை. தினமும் காலையில் ஒரு மணி நேரம் வாக்கிங் போக ஆரம்பித்தாள். உடம்புக்கு நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

"பேசாம மெக்கானிக் அப்துல் அஹத் பாய்கிட்ட விட்டுடுங்கோளேன்" என்றாள் ராத்திரி சாப்பாட்டின்போது.

"இருபத்தெட்டு வருஷமா காலேஜ்ல பிசிக்ஸ் நடத்தறவன், ஒரு சொட்டு ஜலத்துக்காக மெக்கானிக் வாசல்ல போய் நிக்கணுமா?"

"ஒரு சொட்டுன்னா நான் ஏன் புடவையைப் பிழியறேன்?"

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். தண்ணீர் டாஷ்போர்டுக்குப் பின்னாலிருந்துதான் வருகிறது. ஆகவே டாஷ்போர்டைக் கழற்ற வேண்டும். இது என் தீர்மானம். அடுத்த வீட்டு சக்ரபாணி காம்பவுண்டுச் சுவருக்கு மேல் காப்பி டம்ளரோடு தோன்றினார்.

"என்ன ஓய், பிரிக்கறீரா?"

"பிரிச்சு மாட்டப் போறேன்."

"பிரிக்கறதைப் பாக்கறேன். மாட்டறதையும் பாக்கணும்னு ஆசை" என்று நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

இருபத்திரண்டு வயதான பிளாஸ்டிக்குக்குப் பொறுமை கிடையாது. லேசாக இழுத்தாலே டப் என்று ஒரு கிளிப் உடைந்தது. அடுத்ததை ஜாக்கிரதையாக இழுத்தேன். அது ஜாக்கிரதையாக உடைந்தது. ஒவ்வொரு டப்புக்கும் சுவருக்கு மேலிருந்து ஒரு "அடடா" வந்தது. இருபத்தாறு ஸ்க்ரூ கழற்றி, ஏ.சி. காற்று வரும் ஜன்னல்களைப் பிடுங்கி, மீட்டரைத் தொங்கவிட்டு, கடைசியில் டாஷ்போர்டு என் மடிக்கு வந்து சேர்ந்தது. பின்னால் இருந்தது ஒரு பழைய சீப்பு, ஒரு செத்த பல்லி, ஏகப்பட்ட ஒயர். ஓட்டை மட்டும் இல்லை.

கண்ணாடியின் மேல் ஹோஸ் பைப்பைப் பிடித்துப் பார்த்தேன். இடது பக்கம் தண்ணீர் வழக்கம்போல வந்து சேர்ந்தது. எந்த வழியாக வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டினேன். பத்தொன்பது ஸ்க்ரூவோடு மாட்டி முடிந்துவிட்டது. மிச்சம் ஏழு. உடைந்த கிளிப்புகளுக்குப் பதில் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டு அழுத்தினேன். ஏழு ஸ்க்ரூவையும் என் சட்டைப் பையில் ஒளித்தேன்.

சனிக்கிழமை காலையில்தான் அந்த யோசனை பளிச்சென்று உதித்தது. தண்ணீரை நிறுத்த முடியாது. சரி, உறிஞ்சலாமே! நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போனேன். அங்கே ஜெஸ்லின் என்ற பெண் இருந்தாள். எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவள்.

"டயபர் வேணும்மா. நல்லா உறிஞ்சறதாக் குடு. ஆறு."

"வயசு எத்தனைங்க சார்?"

"இருபத்திரண்டு."

ஜெஸ்லின் முகம் வாடியது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நடப்பாங்களா சார்?"

"நன்னா ஓடும்மா. அதெல்லாம் குறையே இல்ல. மழை பேஞ்சா மட்டும்தான் இந்தப் பிரச்சினை."

அவள் ஆறையும் ஒரு கறுப்புப் பையில் போட்டுக் கொடுத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஒரு நல்ல டாக்டரின் பெயரையும் சொன்னாள். நான் அவசரத்தில் தலையாட்டிவிட்டு ஓடிவந்து, இடது பக்கக் கால்மிதிக்கு அடியில் ஆறையும் வரிசையாகப் பரப்பினேன். மேலே மிதியைப் போட்டேன். மெத்தென்று இருந்தது. யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் கோயிலுக்கு நடந்தே போய், வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று சேவித்தேன். திரும்பி வந்தபோது கார் ஈரமாக இருந்தது.

"மழை பேஞ்சுதா?"

"இல்ல. நான்தான் கழுவி வெச்சேன்" என்றாள் மைத்ரேயி.

எனக்குப் பகீரென்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் காரைக் கழுவியதே இல்லை. விற்கப்போகிற பொருளைத்தான் ஜனங்கள் கழுவுவார்கள். அன்று ராத்திரி தளிகை தொண்டையில் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஜன்னலைத் திறந்தேன். வானம் கறுத்துக்கொண்டு நின்றது. நாங்கள் கிளம்பவும் கொட்ட ஆரம்பித்தது. மைத்ரேயி ஏறி உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப் பின்னால் வைத்துவிட்டு, கால்மிதியின் மேல் அன்றைய பேப்பரை விரித்தாள்.

"எதுக்கு?"

"பேப்பர் நனைஞ்சா தெரியுமில்லையா? அப்புறம் உங்களுக்கும் எனக்கும் வாக்குவாதம் வேண்டாம்."

அந்தப் பேப்பரின் மேல் இரண்டு பாதங்களையும் வைத்துக்கொண்டாள். என் காரின் தலையெழுத்து அந்த இரண்டு பாதத்துக்குக் கீழே இருந்தது.

காவிரிப் பாலத்தில் மழை குறுக்காக அடித்தது. என் மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. ஒரு டயபர் எவ்வளவு பிடிக்கும்? கைலாசபுரம் இன்னும் எவ்வளவு தூரம்?

"கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. ஏன்னா, நாம நின்னுண்டா இருக்கோம்?"

"போயிண்டுதானே இருக்கோம்!"

"முள் பூஜ்யத்துல இருக்கே."

மீட்டரைத் தொங்கவிட்டவன் அதன் ஒயரைச் செருக மறந்துவிட்டேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அது மழையில அப்படித்தான் காட்டும்" என்றேன். பாலம் முடிவதற்குள் ஏ.சி. ஜன்னல் ஒன்று பெயர்ந்து அவள் மடியில் விழுந்தது. அவள் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின் சீட்டில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குத் தைரியமாக இருந்திருக்கும்.

பால்பண்ணை தாண்டும்போது முன்னால் இருக்கும் சாமான் வைக்கிற டப்பா வாயைத் திறந்தது. அவள் மூடினாள். அது மறுபடி திறந்தது. அரியமங்கலத்தில் ஒரு பள்ளம். தடால்! மொத்த டாஷ்போர்டும் ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்தது. டேப் கழன்றுவிட்டது. இடது கையால் அதை நெட்டிப் பிடித்துக்கொண்டு வலது கையால் ஓட்டினேன். கியர் மாற்றும்போதெல்லாம் டாஷ்போர்டு என்னைப் பார்த்து வணங்கியது.

"கால்?"

"அதையேதான் கேட்டுண்டு வரேள். ரோட்டைப் பாருங்கோ."

திருவெறும்பூரில் ரோட்டில் கணுக்கால் தண்ணீர். எதிரே வந்த பஸ் வாரி இறைத்ததில் கண்ணாடி முழுக்க மறைந்தது. இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன். மனசுக்குள் வண்டியிடம் விடைபெற்றுக்கொண்டேன். அதன் பின் சீட்டில் தீவன மூட்டைகள் ஏறுவதும், மேலே இரண்டு கோழிகள் உட்கார்வதும் கண்ணில் தெரிந்தது. நிஜமாகவே அழுகை வந்தது.

கைலாசபுரத்தில் மைத்துனர் வெங்கட்ராகவன் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் குடையோடு வந்தார். பக்கத்தில் மீசை வைத்த, கட்டுமஸ்தான ஓர் ஆள். பீமராவ். மைத்ரேயி குனிந்து பேப்பரை எடுத்தாள். உதறினாள்.

அது சரசரத்தது. ஒரு சொட்டு இல்லை!

இப்போது நான் செய்ததை நினைத்தால் கூசுகிறது. காரை விட்டுக் குதித்தேன். மழையில் நின்றுகொண்டு கத்தினேன். "பாத்தேளா வெங்கட்ராகவன்? இந்தக் கையால சரி பண்ணினது! மெக்கானிக் இல்லாம! மன்னிச்சுக்கோங்க பீமராவ் சார், உங்க கோழிக்கு வேற வண்டி பாருங்க!"

பீமராவ் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. காருக்குள் ஏறி, பின்புறம் பார்க்கும் கண்ணாடியை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். டிரைவர் சீட்டை முன்னால் தள்ளினார். கிளட்சை அமுக்கினார். "கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கு. பழகிடும்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

"ஏன்னா" என்றாள் மைத்ரேயி மெதுவாக. "அப்போ இந்த ஒழுகலை நிறுத்தினவாளுக்குத்தான் இந்த வண்டிங்கறேள்?"

"பின்னே? நிறுத்தினவா கையிலதான் சாவி இருக்கணும். மத்தவா தொடவே கூடாது. இது சத்தியம்!"

"அண்ணா, கேட்டுண்டேளா? பீமராவ் சார், நீங்களும் சாட்சி."

அவள் கைப்பையைத் திறந்து ஒரு பாலிதீன் பையை எடுத்தாள். உள்ளே கறுப்பாக, சேறும் சருகுமாக ஒரு பெரிய உருண்டை. அந்த நிலையிலும் திருத்துழாய் மணத்தது.

"நேத்திக்கு மெடிக்கல் ஷாப்லேர்ந்து ஜெஸ்லின் போன் பண்ணினா. 'மேடம், உங்க வீட்ல இருபத்திரண்டு வயசுல யாருங்க, உடம்புக்கு என்ன'ன்னு கேட்டு ஒரே அழுகை. நம்மாத்துல இருபத்திரண்டு வயசுல வேற யார் இருக்கா? மிதியைத் தூக்கினேன். ஆறு டயபர். எடுத்துட்டேன். நீங்க கோயிலுக்குக் கிளம்பினதும் அஹத் பாயைக் கூப்பிட்டேன். வைப்பருக்குக் கீழே சல்லடை இருக்கே, அங்க விழற மழை ஜலம் வெளியில போறதுக்கு ஒரு ஓட்டை இருக்காம். அது நிறைய நீங்க சேத்து வெச்ச திருத்துழாய். போக வழி இல்லாம ஜலம் என் கால்ல வந்து விழுந்துண்டிருக்கு. பத்து நிமிஷத்துல எடுத்துட்டார். நாலு குடம் கொட்டிப் பாத்தோம். ஒரு சொட்டு வரல."

அதாவது, இருபத்திரண்டு வருஷமாக அவள் காலில் தண்ணீர் ஊற்ற ஏற்பாடு செய்துகொண்டிருந்தவன் நான்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கக் கோபம் வந்தது.

"சாவியை வாங்கிண்டு என்ன பண்ணப்போறே? உனக்கு ஓட்டத் தெரியுமா?"

பீமராவ் தொண்டையைக் கனைத்தார். "மேடம் ஸ்ரீரங்கத்துல எங்க டிரைவிங் ஸ்கூல்லதாங்க சார் கத்துக்கிட்டாங்க. ரெண்டு மாசம், காலைல ஆறு மணி கிளாஸ். டெஸ்ட்ல ஒரே தடவைல பாஸ்."

"அப்போ கோழிப்பண்ணை?"

"துறையூர்ல நம்ம வீட்ல ரெண்டு கோழி இருக்குங்க சார்" என்றார் அவர், தலையைச் சொறிந்துகொண்டே.

"விக்கப் போறேன்னு பயமுறுத்தினாத்தான் நீங்க சாவியை விடுவேள், அதை இவர் என்கிட்ட குடுத்துடுவார்னு நெனச்சேன்" என்றாள் மைத்ரேயி. "நீங்களா சத்தியம் பண்ணிக் குடுப்பேள்னு நெனக்கல."

சாவியைக் கொடுத்தேன். சாட்சிகள் இருவரும் சாப்பிடப் போனார்கள்.

திரும்பும்போது அவள் டிரைவர் சீட்டில். முதுகு நேராக, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஒரு குலுக்கல் இல்லாமல் வண்டியை எடுத்தாள். நன்றாகவே ஓட்டினாள். அது இன்னும் வலித்தது. அந்த வண்டியில் முதல் தடவையாக நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். வெளியே அதே மழை. என் பாதங்கள் காய்ந்திருந்தன.

ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று தோன்றியது. "மெதுவாப் போ மைத்ரேயி. அரியமங்கலத்துல பள்ளம் இருக்கு."

"தெரியும்" என்றாள் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல். "ஜலம் நான் நிறுத்தினது, அது வராது. டாஷ்போர்டு நீங்க மாட்டினது, ஸ்ரீரங்கம் வரைக்கும் ரெண்டு கையாலயும் பிடிச்சுண்டே வாங்கோ."